கொட்டாங்குச்சிக் கரியை அப்படியே தண்ணீர் ஃபில்டரில் போடலாமா?

அடுப்பில் சுட்ட கொட்டாங்குச்சிக் கரியே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அதன் துளைகளைத் தார் அடைத்திருக்கும். காங்கேயம் பக்கத்து ஆலைகளில் அந்தக் கரியை 900 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கி நீராவியை விடுவார்கள். நீராவி கரியில் ஒரு பகுதியை அரித்து வாயுவாக்கிவிடும். மிஞ்சுவதில் 2 நானோமீட்டருக்கும் சிறிய துளைகள் நிறைந்திருக்கும். ஒரே கிராமுக்குள் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு, அதாவது கால் ஏக்கர்! பூச்சிமருந்து, வாடை தரும் பொருள்கள் எல்லாம் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் உப்பு போகாது, அதற்கு ஆர்.ஓ. தான் வேண்டும்.

அப்புறம், இதையே சாம்பல் போக அமிலத்தில் கழுவிச் சுத்தமாக்கினால் பேட்டரி போல மின்சாரத்தைச் சேமிக்கும் சூப்பர் கெபாசிட்டருக்கு மின்முனை ரெடி. அங்கே துளைச் சுவர்களில் ஒட்டுபவை அயனிகள், அதாவது மின்னேற்றம் உள்ள துகள்கள். வேதிவினை எதுவும் நடக்காததால் நொடிகளில் சார்ஜ் ஏறும், லட்சக்கணக்கான தடவை தாங்கும். ஆனால் லித்தியம் பேட்டரி அளவுக்குச் சேமிக்காது.