ஒன்பது வயது மகளுக்குக் கோடிங் வகுப்பு தேவையா?

அன்புச் சகோதரிக்கு, வணக்கம்.

மகளின் தோழிகள் எல்லாரும் கோடிங், அதாவது கணினிக்கு நிரல் எழுதக் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள், இவள் மட்டும் பின்தங்கிவிடுவாளோ என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே, செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தந்துவிடும் என்கிறாரே என் கணவர், பிறகு எதற்கு இந்தச் செலவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு பயங்கள். ஆனாலும் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

முதல் பயத்துக்கு அடிப்படை இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் போல எலும்பு முற்றுவதற்குள் தொடங்கியாக வேண்டிய கலை அல்ல இது. கல்லூரிக்கு வந்த பிறகு முதல் நிரலை எழுதி, நல்ல மென்பொறியாளர் ஆனவர்கள் ஏராளம். நிரல் எழுதப் பயன்படும் கணினி மொழிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1964இல் பிறந்த பேசிக் மொழியை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் முழுவதும் கற்றது. அவர்கள் வேலைக்குப் போனபோது அங்கே வேறு மொழிகள் இருந்தன. இன்று பள்ளிகளில் கோலோச்சும் பைத்தான் வெளிவந்தது 1991இல். உங்கள் மகள் வேலைக்குப் போக இன்னும் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. ‘இப்போதே சேர்த்தால் வேலை உறுதி’ என்று விளம்பரம் சொன்னால் அந்தக் காகிதத்தை மடித்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

அப்படியானால் வேண்டாமா? வேண்டும் என்றுதான் சொல்வேன். காரணம் வேறு.

1967இல் சேமூர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபெர்சைக் ஆகிய ஆய்வாளர்கள் பிள்ளைகளுக்கென்றே லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதில் பின்னாளில் ஓர் ‘ஆமை’ வந்து சேர்ந்தது. முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்று கட்டளையிட்டால் ஆமை நகரும், நகர்ந்த தடத்தில் கோடு விழும். நூறு அடி போ, 90 பாகை திரும்பு. இதை நான்கு முறை செய் என்றால் சதுரம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டமாக இருக்கும். இப்போது சமபக்க முக்கோணம் போடச் சொல்லுங்கள். முக்கோணத்தின் கோணம் 60 என்று பள்ளியில் படித்திருக்கும் பிள்ளை, தயங்காமல் 60 என்று கொடுக்கும். திரையில் வருவது முக்கோணம் அல்ல. அறுகோணத்தின் பாதி, வாய் திறந்தபடி நிற்கும்.

கணினி திட்டாது, மதிப்பெண்ணும் குறைக்காது. சொன்னதைச் செய்துவிட்டுச் சும்மா நிற்கும். சில பிள்ளைகள் 70, 80 என்று எண்ணை மாற்றிப் பார்ப்பார்கள். சிலர் எழுந்து நின்று, தாமே ஆமையாகித் தரையில் நடந்து பார்ப்பார்கள். பேப்பர்ட் விரும்பிச் சொன்ன வழி அது. நடந்தால் புரிந்துவிடும்: மூலையில் திரும்பும்போது உடம்பு திரும்புவது உட்கோணத்தின் அளவுக்கு அல்ல, வெளிக்கோணத்தின் அளவுக்கு. 120 என்று போட்டதும் கோடு வந்து சேர்ந்துகொள்கிறது. தான் நினைத்ததும் தான் சொன்னதும் வேறுவேறு என்று ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இதைக் கற்றுக்கொடுக்கலாம் என்கிறேன். வேறெந்தப் பாடத்திலும் தவறு இவ்வளவு உடனடியாக, இவ்வளவு அவமானமின்றி வெளிப்படுவதில்லை.

இதற்கு மேல் விற்கப்படும் வாக்குறுதிகளைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். கோடிங் கற்றால் எல்லாப் பாடத்திலும் மூளை கூர்மையாகும் என்பார்கள். 1984இலேயே ராய் பீ, மிடியன் குர்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், ஓராண்டு லோகோ கற்ற பிள்ளைகளையும் கற்காதவர்களையும் திட்டமிடும் பணியொன்றில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கற்றவர்கள் மேலாகச் செய்யவில்லை. பிற்கால ஆய்வுகள் கணிதம் போன்றவற்றில் ஓரளவு நன்மையைக் காட்டியிருக்கின்றன. வாசிப்பும் எழுத்தும் இதனால் தானாக வளர்ந்துவிடாது. ஆகவே அவள் கதைப்புத்தகம் படிக்கும் நேரத்தையோ ஓடி விளையாடும் நேரத்தையோ வெட்டித்தான் வகுப்புக்கு இடம் தர முடியும் என்றால், வகுப்பை விட்டுவிடுங்கள். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

உங்கள் கணவரின் கேள்வி இன்னும் கனமானது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு பெற்றோர் பலரும் இதைக் கேட்கிறார்கள். இயந்திரம் நிரல் எழுதுகிறது என்பது உண்மைதான். தொடக்கநிலை வேலைகள் பலவற்றை நன்றாகவே எழுதுகிறது. ஒரு சின்ன உதாரணம் தருகிறேன். வகுப்பு மதிப்பெண்களின் சராசரியைக் கணக்கிட ஒரு நிரல் எழுதித் தரச் சொல்கிறோம். எழுதித் தருகிறது, பிழைச்செய்தி ஏதும் இல்லாமல் ஓடுகிறது, ஓர் எண்ணும் வருகிறது. ஆனால் தேர்வுக்கு வராத மூவரின் பெயருக்கு நேரே பட்டியலில் பூஜ்யம் இருந்தது. அவர்களையும் சேர்த்துக் கூட்டியதால் சராசரி சரிந்துவிட்டது. நிரலில் குற்றமில்லை, விடை மட்டும் தப்பு. ‘வராதவர்களை என்ன செய்வது?’ என்று கேட்கத் தோன்ற வேண்டுமே, அந்தக் கேள்வி யாருக்கு வரும்? தன் கையால் நாலு நிரல் எழுதி, நாலு முறை இப்படி ஏமாந்தவருக்கு எளிதில் வரும். மருத்துவம், வங்கி, இதழியல் என்று அவள் எந்தத் துறைக்குப் போனாலும் இயந்திரம் தரும் விடையைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு இருக்கும்.

அதனால் இந்த வயதில் செயற்கை நுண்ணறிவிடம் நிரலை எழுதி வாங்கப் பழக்காதீர்கள். முட்டி மோதிப் பார்த்த பிறகு, ‘இது ஏன் வேலை செய்யவில்லை?’ என்று உங்களை அருகில் வைத்துக்கொண்டு கேட்பதில் தவறில்லை.

இனி நடைமுறை. பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம் வீட்டிலேயே பாருங்கள். ஸ்கிராட்ச் என்ற மொழி இலவசம். 2007இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்திலிருந்து வந்தது, எட்டு முதல் பதினாறு வயதுவரை உள்ளவர்களை எண்ணிச் செய்தது. வண்ணக் கட்டைகளை இழுத்து அடுக்கினால் திரையில் ஒரு பூனை நடக்கும், பேசும். தட்டச்சுப் பிழை என்ற தொல்லையே இல்லை. இவளுக்குத் தம்பி தங்கை இருந்து ஐந்து, ஆறு வயதென்றால் ஸ்கிராட்ச் ஜூனியர் இருக்கிறது; அவர்களுக்கு அவசரமே கிடையாது. திரையைவிடக் கையால் தொட்டுச் செய்வதில் ஆசை உள்ள பிள்ளைக்கு மைக்ரோபிட் பொருந்தும்: உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கணினிப் பலகை, 25 சிறு விளக்குகள், இரண்டு பொத்தான்கள். பைத்தான் போன்று எழுதிக் கற்கும் மொழிக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதுவரை காத்திருக்கலாம்.

உங்களுக்குக் கோடிங் தெரியாது என்று வருந்தியிருக்கிறீர்கள். தெரியாமல் இருப்பதே நல்லது என்று சில சமயம் எனக்குத் தோன்றும். தெரிந்த பெற்றோர் கணினிச் சுட்டியைப் பிடுங்கித் தாமே சரிசெய்துவிடுகிறார்கள். நீங்கள், ‘இது எப்படி நடக்கிறது, எனக்குக் காட்டு’ என்று மட்டும் கேளுங்கள். விளக்கப் போய் அவளே பாதிப் பிழையைக் கண்டுபிடிப்பாள்.

பிறகும் வகுப்பு வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டால், சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பைப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். எல்லாத் திரையிலும் ஒரே விளையாட்டு, ஒரே நிறம், ஒரே பூனை என்றால் அங்கே படியெடுக்கத்தான் கற்றுத்தருகிறார்கள். பிள்ளை திணறும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதையும் கவனியுங்கள்: கேள்வி கேட்கிறாரா, தானே தட்டச்சு செய்து முடித்துவிடுகிறாரா? ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வாக்குக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ‘ஆப் வடிவமைப்பாளர்’ என்று சான்றிதழ் தருகிறார்களாம். சுவரில் மாட்ட அழகாக இருக்கும், கல்லூரி வாசலில் அதை யாரும் கேட்கப் போவதில்லை.

கடைசி வரியில் தயங்கித் தயங்கி, ‘பெண் பிள்ளைக்கு இது வருமா’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு முதன்முதலில் நிரல் அமைத்த ஆறு பேரும் பெண்கள். அவர்களுக்குக் கையேடுகூட இல்லை. இயந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்துத் தாங்களே படித்துக்கொண்டார்கள். அதனால் வருமா என்பது கேள்வியே அல்ல. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: பத்துப் பையன்களுக்கு நடுவே இவள் ஒருத்தி மட்டும் உட்கார நேர்ந்தால், வாய் திறந்து கேள்வி கேட்கக் கூச்சப்படக்கூடும். ஒரு தோழியோடு சேர்த்து அனுப்புங்கள்.

மூன்று மாதம் ஆன பிறகு அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அவள் சோம்பேறி என்றோ, கணக்கு வராதவள் என்றோ அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பதினான்கு வயதில், வேறொரு காரணத்துக்காக, அவளே திரும்பி வரலாம். பிடித்திருந்தால் வகுப்பில் சொல்லாத எதையாவது வீட்டில் செய்து பார்ப்பாள்: பூனையின் குரலை மாற்றுவாள், விளையாட்டில் தம்பியைத் தோற்கடிக்க ஒரு பொறி வைப்பாள். தொடரலாமா என்று முடிவெடுக்க எனக்கு அந்த ஓர் அடையாளம் போதும். ஆசிரியர் தரும் மதிப்பெண் அட்டையைவிட அதையே நம்புவேன்.

அடுத்து எழுதும்போது, அவள் செய்ததில் எது வேலை செய்யவில்லை, அப்போது அவள் என்ன செய்தாள் என்று எழுதுங்கள். பைத்தானுக்குப் போகலாமா, ஸ்கிராட்ச்சிலேயே இன்னும் ஓராண்டு இருக்கலாமா என்பதை அதை வைத்துப் பேசலாம்.