அம்மாவுக்கு மறதி நோய். எனக்கு ஜீன் டெஸ்ட் வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. அல்சைமர் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு 51. ரத்தம் எடுக்க வந்த லேப்காரர், "உங்களுக்கும் வருமா என்று ஜீன் டெஸ்ட்டில் தெரிந்துவிடும், பேக்கேஜில் சேர்த்தால் பாதி விலை" என்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொல்வது ஏபிஓஈ என்ற ஜீனை. அதில் ஈ4 வகை இருந்தால் நோய் வரும் வாய்ப்பு கூடும், உண்மைதான். ஆனால் அது இருந்தும் கடைசிவரை தெளிவாக இருப்பவர்கள் உண்டு. இல்லாமலே நோய் வந்தவர்களும் ஏராளம். 'ரிஸ்க் அதிகம்' என்று ரிப்போர்ட் வந்தால், சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடும்போதெல்லாம் உங்களுக்குப் பகீரென்கும். 'இல்லை' என்று வந்தால் அது இன்னும் ஆபத்து. அந்தத் தைரியத்தில் பிபி மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் எழுதித் தராத டெஸ்ட்டை வாசலில் நிற்பவரிடம் வாங்காதீர்கள். பேக்கேஜில் அவருக்குக் கமிஷன் உண்டு. இன்று ஜீன் டெஸ்ட், அடுத்த முறை 'ஞாபகசக்தி' மாத்திரை டப்பா. பயந்துபோன குடும்பத்திடம் எதையும் விற்றுவிடலாம் என்பது இவர்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. குடும்பத்தில் பாட்டி, அம்மா, மாமா என்று தலைமுறை தோறும் 40, 50 வயதுகளிலேயே இந்த நோய் வந்திருந்தால் கதை வேறு. அதற்குக் காரணம் பிஎஸ்இஎன்1 போன்ற வேறு ஜீன்கள். பெற்றோரில் ஒருவருக்கு அந்தக் கோளாறு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இது மிக அரிது. அங்கேயும் முதல் டெஸ்ட் நோய் வந்தவருக்குத்தான். மரபணு ஆலோசகரிடம் பேசிய பிறகே மற்றவர்களுக்கு. அம்மாவுக்கு 70 தாண்டித்தான் மறதி தொடங்கியது என்றால், வேறு யாருக்கும் இளவயதில் வரவில்லை என்றால், இது உங்களுக்குப் பொருந்தாது. சித்தப்பாவுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு மறதி வந்ததே என்று அதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் டிமென்ஷியாவுக்கு, அதாவது அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்களுக்கு, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றையெல்லாம் சரிசெய்தால் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. நடுவயதில் கெட்ட கொழுப்பும் காது கேளாமையும் அதில் முன்னால் நிற்கின்றன.

காதை யாரும் கவனிப்பதே இல்லை. "காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். "பையன் பெங்களூர்ல இருக்கான்" என்றார். முற்றிய மறதி என்றுதான் மகள் அழைத்து வந்திருந்தார். இரண்டு காதிலும் குறும்பி அடைத்திருந்தது. எடுத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டேன். "ரெண்டு இட்லி, தக்காளிச் சட்னி" என்றார்.

ஜீன் டெஸ்ட்டுக்கு வீடு தேடி ஆள் வருகிறது. காதைச் சோதிக்க மட்டும் விடியற்காலையில் டோக்கன் வாங்கி, "ஆடியோகிராம் செவ்வாய்க்கிழமைதான்" என்று கேட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. முதியோருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது. இருந்தாலும் செவ்வாய்க்கிழமை போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. நீங்கள் பிபி, சுகர், கொழுப்பு பாருங்கள். பி12, தைராய்டு குறைந்தாலும் மறதி வரலாம்; அம்மாவின் ஃபைலில் அந்த ரிப்போர்ட்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை டாக்டரிடம் கேட்காமல் எழுந்து வராதீர்கள்.