எடுத்து வைத்த கறி

வாசகர் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கல்லடியில் வசிக்கிறேன். கல்முனையில் வேலை, காலை ஆறரைக்கு பஸ் ஏற வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மூன்று கறிகளைக் கூடுதலாகச் சமைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, வாரநாட்களில் சூடாக்கிக் கொடுக்கிறேன். மிஞ்சிய பிட்டையும் கறியையும் சில இரவுகளில் கொத்தாக்கிவிடுவேன். பிள்ளைகள் விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் மாமி, "பழசைக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்க்கிறாய்" என்கிறார். நான் செய்வது தவறா?

கல்லடி வாசகி

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

தவறில்லை. வேலைக்குப் போய் வந்து, பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாடே கொடுக்க வேண்டும் என்று ஒரு பெண் இவ்வளவு பாடுபடும்போது, அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் உங்கள் மாமியின் பேச்சைத் தள்ளிவிடவும் முடியவில்லை. அவருடைய தலைமுறை குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் சமைத்தது. நம் ஊர் வெக்கையில் பால்கறி பொழுதுபடுவதற்குள் நுரைத்துப் போவதை அவர்கள் அன்றாடம் கண்டவர்கள். மீன்கறிக்குக் கொறுக்காய்ப்புளியைத் தாராளமாகப் போட்டு, பால் விடாமல் வற்றவைத்து, மறுநாளைக்கு வைத்தவர்களும் அவர்கள்தான். அந்த அறிவை உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குள் கொண்டுவந்தால் மாமியின் கவலையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: மறுநாளைக்கான பங்கை, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பின் சட்டியின் அடியில் தேடாமல், சமையல் பாதியில் இருக்கும்போதே எடுத்து வையுங்கள். பருப்பை மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு அவித்துக் கெட்டியாக இறக்கியதும், தேங்காய்ப்பால் விடுவதற்கு முன்பாகவே பாதியைச் சுத்தமான பாத்திரத்தில் எடுத்துவிட்டால், அன்றைக்கு அது பால்கறியாகவும், அடுத்த நாள் தக்காளியும் முருங்கையிலையும் சேர்ந்த வேறொரு கறியாகவும் மேசைக்கு வரும். மீனையும் பழப்புளியில் பால் விடாமல் காய்ச்சி, பாதியை எடுத்து வைக்கலாம். மறுநாள் முள்ளெடுத்து உதிர்த்தால் பிட்டுக்கொத்துக்கோ, உருளைக்கிழங்கோடு பிசைந்து கட்லட்டுக்கோ ஆகும். கை படாத, அகப்பை ஒருமுறை மட்டும் தொட்ட, பால் சேராத கறியைப் பழசென்று சொல்ல எனக்கு வாய் வராது. தாளிதத்தையும் பாலையும் அன்றன்றைக்குச் சேர்க்கும்போது மணமும் அன்றைக்குரியதாகவே இருக்கும். அதற்கு அடுப்படியில் நிற்க வேண்டிய நேரமும் குறைவு.

கொத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பிட்டில் தேங்காய்ப்பூ கலந்திருப்பதால், அது விரைவாகப் புளிக்கும். காலையில் அவித்த பிட்டை மேசையிலேயே விட்டுவிட்டு இரவில் கொத்தாக்குவதாக இருந்தால், தயவுசெய்து அதை நிறுத்துங்கள். காலையிலேயே ஆறவைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனால், இரவுக்கு அது நல்ல கொத்தாகும். மிஞ்சிய தேங்காய்ச் சம்பலையும் அப்படியே எடுத்து வைத்து, மறுநாள் ரொட்டி மாவோடு குழைத்துச் சுட்டால் தனியாகக் கறி தேவைப்படாது.

சோற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதைத்தான் ஆபத்தில்லாதது என்று நினைக்கிறார்கள். அரிசியில் இருக்கக்கூடிய பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே மிஞ்சிய சோற்றைத் தட்டையான பாத்திரத்தில் பரப்பி விரைவில் ஆறவைத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் பெட்டிக்குள் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள். மற்றச் சமைத்த உணவுகளையும் 2 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம் என்றும், 5 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரவைத்து, திரும்பச் சூடாக்கும்போது உள்ளேயும் 70 பாகையை எட்டச் செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெப்பமானி இல்லாத அடுப்படியில், கறி நடுவிலும் கொப்பளித்து ஆவி பறக்கும்வரை கிளறுங்கள். தேவையான அளவை மட்டும் சூடாக்குங்கள். ஒரே சட்டி நாள்தோறும் பெட்டிக்கும் அடுப்புக்கும் அலையக் கூடாது.

பழஞ்சோறு வேறு வகை. சோறு ஆறிய உடனே தண்ணீர் ஊற்றி வைத்தால் இலற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன; அந்தப் புளிப்புப் பல கெட்ட கிருமிகளை அடக்கும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு கரண்டி எருமைத் தயிர் சேர்த்துப் பிசைந்து கொடுத்தால், விடுமுறை நாட் காலையில் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. நூல்விட்டிருந்தாலோ, வாடை மாறியிருந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சமைத்தது புதன்கிழமைக்குள் முடிய வேண்டும். 2022இல் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நாம் எல்லோரும் கண்டோம். அப்படி நெடுநேரம் மின்சாரம் இல்லாமற்போனால் அந்தக் கணக்கு செல்லாது; பெட்டிக்குள் இருந்த மீனையும் இறைச்சியையும் நம்பாதீர்கள்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு மட்டும் எடுத்து வைத்த பால்கறியோ மீனோ வேண்டாம். காலையில் கட்டிய பெட்டியை இடைவேளையில் திறக்கும்வரை அது வெயிலில் இருக்கிறது. அதற்கு அன்று காலையில் சுட்ட சம்பல் ரொட்டியோ அவித்த கடலையோ போதும். உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் வியாழக்கிழமை மீனைக் கூடுதலாகக் காய்ச்சாதீர்கள். அது சனிக்கிழமைவரை கிடக்கும். பருப்பை எடுத்து வைக்கும் வேலையை வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமியிடமே கொடுத்துப் பாருங்கள். எந்தக் கறி எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவருக்கு நம் இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
அக்கா