திறப்பதைவிட மூடுவதைப் பாருங்கள்

தம்பி, அமெரிக்கா வந்து மூன்று மாதம் ஆகிறது, கூட வேலை செய்பவர்கள் பேன்ட் பையில் மடக்குக்கத்தியைக் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறார்கள், தட்டினால் சட்டென்று திறக்கும் அந்த ‘அசிஸ்டட் ஓப்பனிங்’ வகையில் நானும் ஒன்று வாங்கலாமா, போலீஸ் பிரச்சினை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கத்தியோடு ஒருவர் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நானும் முதலில் மிரண்டவன்தான். அப்புறம்தான் தெரிந்தது, அவர் அதை வைத்து அட்டைப்பெட்டியைத் தவிர வேறெதையும் வெட்டியதில்லை.

வாங்கலாம். ஆனால் கடையில் எல்லோரும் திறந்து திறந்து பார்த்துவிட்டு வாங்குகிறார்கள். நான் சொல்வது, மூடிப் பார்த்து வாங்குங்கள்.

மூடிய கத்தியின் முதுகில் சின்னதாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஆள்காட்டி விரலால் அதை அழுத்தினால் பிளேடு கொஞ்சம் அசையும். அதுவரை ஸ்பிரிங் அதை உள்ளேதான் பிடித்து வைத்திருக்கும். ஒரு புள்ளியைத் தாண்டியதும் அதே ஸ்பிரிங் கட்சி மாறி, பிளேடை வெளியே தள்ளிவிடும். மூடும்போது அந்த ஸ்பிரிங்கை எதிர்த்து நாம்தான் தள்ள வேண்டும். பூட்டு ‘லைனர் லாக்’ வகை என்றால், திறந்த பிளேடைப் பிடித்து நிறுத்தக் கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டைக் கட்டை விரலால் ஒதுக்கிக்கொண்டே மடக்க வேண்டும். விரல் நிற்பது பிளேடு வரும் வழியில். பெரும்பாலான தூரம் முரண்டு பிடித்த பிளேடு, அந்தப் புள்ளியைத் தாண்டியதும் வேகமாக உள்ளே பாயும். என் கட்டை விரலில் இன்னும் ஒரு கோடு இருக்கிறது. பிளேடு கொஞ்சம் இறங்கியதும் விரலை எடுத்துவிடுங்கள், மீதியை மற்றக் கையால் மடக்குங்கள். பெஞ்ச்மேட் நிறுவனத்தின் ‘ஆக்சிஸ் லாக்’ மாதிரி, பக்கவாட்டுக் குமிழைப் பின்னால் இழுத்து மடக்கும் பூட்டாக இருந்தால் விரல் வழியில் நிற்காது. விலை கூடுதல், ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான்.

எல்லோரும் சொல்லும் பெயர் கெர்ஷா நிறுவனத்தின் ‘லீக்’ கத்தி. 3 அங்குல பிளேடு, ஒல்லியான உடம்பு, பையில் இருப்பதே தெரியாது. பைக்குள் தானாகத் திறந்துவிடாமல் இருக்க நுனியில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு. அதைப் போடாமல் பையில் வைக்காதீர்கள். பிளேடு எந்த வகை எஃகு என்பதைப் பற்றி ஆளாளுக்கு வாதம் செய்வார்கள். பார்சல் பிரிக்கும் நமக்கு எதுவானாலும் சரி.

இனி சட்டம். பொத்தானைத் தட்டினால் தானாகப் பாய்ந்து திறப்பது சுவிட்ச்பிளேடு. மாநிலம் விட்டு மாநிலம் அதை விற்பதை 1958-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. பிளேடை மூடியபடியே பிடித்து வைக்கும் அமைப்பு இருந்து, கையால் தள்ளினால்தான் திறக்கும் என்றால் அந்தத் தடை பொருந்தாது என்று 2009-ல் திருத்தினார்கள். மேலே சொன்ன ஸ்பிரிங் முதலில் உள்ளே இழுத்துப் பிடிக்கிறதே, சட்டம் பார்ப்பது அதைத்தான். ஆனால் கையில் வைத்திருப்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் விதி வேறு. நியூயார்க் நகரத்தில் பிளேடு 4 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள கத்தி பொது இடத்தில் கூடாது. அதைவிடச் சின்னதாக இருந்தாலும் வெளியே தெரியும்படி வைத்திருக்கக் கூடாது. ஸ்டைலாக வெளியே தெரியும் அந்தக் கிளிப்பே அங்கே வம்பை இழுத்துவிடும். விசாவில் இருக்கும் நமக்கு இதெல்லாம் சின்ன விஷயமில்லை. எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா என்று விசா படிவத்திலேயே கேட்பார்கள்.

கைரேகை கொடுக்கக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மத்திய அரசுக் கட்டடங்களுக்கான ஆயுதச் சட்டம் விட்டுவைப்பது இரண்டரை அங்குலத்துக்குக் குறைவான பாக்கெட் கத்தியை மட்டும். லீக் அதில் தேறாது. பள்ளிக்கூடப் பக்கம் எந்தக் கத்தியும் வேண்டாம். அலுவலகத்துக்கும் தனி விதி இருக்கலாம், எச்.ஆரிடம் ஒரு வரி கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் விமானம். செக்-இன் பெட்டியில் நன்றாகச் சுற்றி வைக்கலாம், கைப்பையில் கூடாது. நான் ஒருமுறை மடிக்கணினிப் பையின் ஓரத்தில் மறந்துபோய் வைத்துவிட்டேன். திரும்பிப் போய்ப் பெட்டியில் போட நேரமில்லை. சோதனை மேஜையிலிருந்த தட்டில் அதைப் போட்டுவிட்டு, பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன்.