‘நாம்’ என்றால் யார்?

கேள்வி: அமெரிக்கா பிறந்து முன்னூறு வருஷம்கூட ஆகவில்லை. எல்லாருமே வெளியிலிருந்து குடியேறியவர்கள். பர்கரையும் கோக்கையும் தவிர அவர்களுக்கென்று ஒரு பண்பாடு உண்டா?
— வாசகர், திருச்சி

பதில்: ‘எல்லாருமே குடியேறியவர்கள்’ என்பதே தவறு. அங்கே பூர்வகுடிகள் இருந்தார்கள். அவர்கள் அனைவருக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 1924-இல்தான். கறுப்பின மக்களின் முன்னோர்கள் சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். ப்ளூஸ், ஜாஸ் என்ற இசைவகைகள் அந்த மக்கள் தந்தவை. இதைப் பண்பாடு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வீர்கள்?

சரி, இத்தனை விதமான மக்களை எது சேர்த்துக் கட்டியிருக்கிறது? ஒரு வாக்குறுதி. மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்றது 1776-ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம். அதை எழுதிய ஜெஃபர்சனிடமே நூற்றுக்கணக்கான அடிமைகள் இருந்தார்கள். ‘எல்லாம் வெறும் பேச்சு’ என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஏமாற்றப்பட்டவர்கள் ஒதுக்கவில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று மல்லுக்கு நின்றார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

1939-இல் வாஷிங்டனில் பாடகி மரியன் ஆண்டர்சன் பாடுவதற்கு கான்ஸ்டிடியூஷன் ஹால் அரங்கத்தைத் தர மறுத்தார்கள். காரணம், அவர் கறுப்பினப் பெண். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. லிங்கன் நினைவகத்தின் படிகளில், குளிருக்கு ஃபர் கோட் போட்டுக்கொண்டு, கண்களை மூடிப் பாடினார். எதிரே சுமார் 75,000 பேர். முதலில் பாடியது ஒரு தேசபக்திப் பாட்டு. அதில் ‘பாடுகிறேன்’ என்று வரும் இடத்தை ‘பாடுகிறோம்’ என்று மாற்றிப் பாடினார். தனக்கு இடம் தராத நாட்டைத் தன் நாடு என்று அத்தனை பேர் முன்னால் உரிமையோடு பாட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

நம் மொழியில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘We’ என்ற ஒரே சொல். 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டம் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. அது எல்லாரையும் சேர்த்த ‘நாமா’, சிலரை வெளியே நிறுத்திய ‘நாங்களா’ என்ற சண்டை அன்றே ஆரம்பித்துவிட்டது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், 1895-இல் சீனா போய்த் திரும்பியபோது ‘நீ அமெரிக்கக் குடிமகன் இல்லை’ என்று அவரைக் கரையிறங்க விடாமல் கப்பலிலேயே வைத்தார்கள். அவர் வழக்காடி, 1898-இல் உச்ச நீதிமன்றத்தில் தன் குடியுரிமையை நிலைநாட்டினார். அமெரிக்க மண்ணில் பிறப்பதால் வரும் அதே உரிமையைக் குறுக்கி 2025-இல் அதிபர் ட்ரம்ப் ஆணை போட்டதும், அதை எதிர்த்தவர்கள் மறுபடி நீதிமன்றப் படியேறினார்கள்.