வெசுவியஸுக்கு ரயிலில் ஒரு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: ரோமில் தங்கப்போகிறோம். ஒருநாள் காலையில் ரயிலேறி வெசுவியஸ் எரிமலை, பொம்பேய், சொரென்டோ மூன்றையும் பார்த்துவிட்டு இரவே திரும்ப முடியுமா? 66 வயது அம்மாவும் 12 வயது மகனும் உடன் வருகிறார்கள். நேப்பிள்ஸ் ஸ்டேஷனில் இறங்கினால் எல்லா டிக்கெட்டும் அங்கேயே கிடைக்கும் என்கிறார் நண்பர்.

பதில்: மூன்றும் முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால், அவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார். எரிமலையும், பொம்பேயைப் போலவே அதனால் புதைந்த பழைய ரோமானிய ஊரான ஹெர்குலேனியமும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொம்பேய் பரந்து கிடக்கும் ஊர், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். சொரென்டோவை மறந்துவிடுங்கள்.

ரோமிலிருந்து அதிவேக ரயிலில் நேப்பிள்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். அங்கே கீழ்த்தளத்தில் உள்ள கரிபால்டி ஸ்டேஷனுக்கு இறங்கி, சொரென்டோ போகும் சிர்க்கும்வெசுவியானா ரயிலைப் பிடியுங்கள். சுமார் இருபது நிமிடத்தில் ஹெர்குலேனியத்துக்கான ஸ்டேஷன் எர்கொலானோ ஸ்காவி வந்துவிடும். இது வேறு நிறுவனத்தின் ரயில், டிக்கெட்டும் வேறு. ஐரோப்பிய ரயில் பாஸ் வைத்திருந்தாலும் இதில் செல்லாது. சீட் நம்பர் கிடையாது, கூட்டம் நெரியும். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

இந்த ரயில் மலைமேல் ஏறாது. 1880-இல் போட்ட ஒரு கயிற்று ரயில் மேலே போய்க்கொண்டிருந்தது, 1944 வெடிப்போடு அதன் கதை முடிந்தது. இப்போது எர்கொலானோவிலிருந்து மினிபஸ்தான். அது சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். எரிமலை வாயான பள்ளத்தின் விளிம்புக்கு மீதித் தூரம் நடை.

இங்கேதான் ஏமாற்று. எர்கொலானோ ஸ்டேஷன் வாசலில் 'தகவல்' என்று பலகை மாட்டிக்கொண்டு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். அரசு அலுவலகம் என்றே நினைப்பீர்கள். அவர்கள் பஸ் டிக்கெட்டை மட்டும் விற்றுவிட்டு, "மேலே பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். மேலே பார்த்துக்கொள்ள ஒன்றுமே இல்லை! பள்ளத்துக்கான நுழைவுச்சீட்டு ஆன்லைனில் மட்டும்தான், அதுவும் நேரம் குறித்து. மேலே கவுண்டர் கிடையாது, போனில் சிக்னலும் ஒழுங்காக வராது. காசு கொடுத்து மலையேறி, கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் எத்தனையோ. ரயிலுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று டிக்கெட்டைப் பிரித்து வைத்திருக்கும் நிர்வாகத்துக்கு, கீழே ஸ்டேஷனில் பெரிதாக ஒரு அறிவிப்பு ஒட்டத் தோன்றவில்லை. வெசுவியஸ் தேசியப் பூங்காவின் சொந்த இணையதளத்தில் காலை 11 மணிக்குப் பதிவு செய்துகொண்டு, அதற்கேற்ப ரோமிலிருந்து கிளம்புங்கள். அப்புறம், ஏறும் இடத்தில் கையில் ஊன்றுகோலைத் திணிப்பார்கள். இலவசம் இல்லை. இறங்கும்போது காசுக்குக் கை நீளும்.

அம்மா விஷயம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து விளிம்புக்கு அரைமணி நேரம் ஏற்றம், வழியெல்லாம் காலடியில் சறுக்கும் எரிமலைச் சரளை. மூட்டுவலி இல்லாதவர், தினமும் நடப்பவர் என்றால் நின்று நின்று ஏறிவிடுவார். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் படுத்தும். படிக்கட்டில் கைப்பிடியைத் தேடுபவராக இருந்தால் அவரை மேலே கூட்டிப்போகாதீர்கள், பஸ் நிற்கும் இடத்தில் தனியாக உட்கார வைக்கவும் வேண்டாம், அங்கே குளிர்காற்று அடிக்கும். உங்களில் ஒருவர் அவரோடு கீழே ஊரில் இருந்து, ஹெர்குலேனியத்தை மெதுவாகப் பார்க்கத் தொடங்கலாம். மற்றவர் மகனோடு மேலே போகட்டும்.

மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கொதிக்கும் குழம்பு எதுவும் தெரியாது. பள்ளத்தின் சுவரில் அங்கங்கே மெல்லிய நீராவி கசியும், அவ்வளவுதான். அவன் வாய் பிளக்கப்போவது ஹெர்குலேனியத்தில். ஸ்டேஷனிலிருந்து நேராக இறங்கும் சாலையில் பத்து நிமிட நடை. கி.பி. 79-இல் எரிமலையிலிருந்து பாய்ந்து வந்த சுடுசாம்பலும் வாயுவும் இந்த ஊரைச் சுமார் இருபது மீட்டர் ஆழத்தில் புதைத்தது. அந்தச் சூட்டில் மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாக உறைந்துவிட்டது. ஒரு வீட்டில் கூடத்தை மறைக்கும் மரத்தடுப்பு கன்னங்கரேலென்று இன்னும் நிற்கிறது. பழைய கடற்கரையின் வளைவறைகளில் சுமார் முந்நூறு பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. படகுக்காகக் காத்திருந்தவர்கள் என்கிறார்கள்.

திரும்பும் ரோம் டிக்கெட்டை இரவு எட்டு மணிக்கு முன்னால் போடாதீர்கள். சிர்க்கும்வெசுவியானா சொல்லாமல் கொள்ளாமல் ரத்தாகும், வேலைநிறுத்தமும் அடிக்கடி வரும். முந்தைய நாள் இரவு வேலைநிறுத்தம் ஏதும் உண்டா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் படுங்கள்.