காளான் கேள்வி-பதில்: தூக்கி எறிந்த பிறகு பெயர் கேட்காதீர்கள்

பூந்தொட்டியில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் சிறு குடைகள் முளைத்துள்ளன. செடி பட்டுப்போகுமா? (ஜெயநகர்)

போகாது. லூக்கோகாப்ரினஸ் பிர்ன்பாமியை, தொட்டி மண்ணின் மட்கைத் தின்று வாழ்வது. சமைக்க வேண்டாம்.

அடுக்ககப் புல்தரையில் பெரிய வெள்ளைக் குடைகள், மேலே பழுப்புச் செதில்கள். செவுள் (குடையின் அடியில் உள்ள தகடுகள்) வெள்ளையாக இருப்பதால் நல்ல காளான்தானே? (அல்சூர்)

வெள்ளைச் செவுள் எதற்கும் சான்றல்ல. உங்கள் விவரிப்புக்குப் பொருந்துவது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். இளசில் செவுள் வெண்மை. முற்றினால் சாம்பல் பச்சை. தொப்பியைக் காகிதத்தில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி, இரவு முழுக்க விடுங்கள். காகிதத்தில் உதிரும் வித்துத்தூள், அதாவது வித்துப் பதிவு, பச்சையாக விழுந்தால் ஐயமே இல்லை. தின்றவர்களுக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். விஷம் என்றால் வெள்ளிக் காசு கறுக்கும் என்பது பொய். அமானிட்டா என்ற பேரினத்தின் கொல்லும் காளான்களின் நஞ்சு காசைக் கறுக்கவும் செய்யாது, கொதிக்கவைத்தாலும் அழியாது. பெயர் உறுதியாகாத காளான் வாயருகே போகக் கூடாது.

புற்றுக்காளானை மண்மட்டத்தில் அறுத்து எடுத்தேன். எந்த இனம்? (கெங்கேரி)

டெர்மிட்டோமைசிஸ் பேரினம் என்பதோடு நிறுத்த வேண்டியதுதான். கறையான் கூடுவரை இறங்கும் வேர் போன்ற அடித்தண்டை மண்ணிலேயே விட்டுவிட்டு இனப்பெயர் கேட்கிறீர்கள். அமானிட்டாவை அடையாளம் காட்டும், தண்டின் அடியைச் சூழ்ந்த அடிப்பையும் இப்படித்தான் மண்ணுக்குள் தங்கிவிடும். தோண்டி எடுங்கள்.

துரஹள்ளிக் காட்டில் கிடைத்த காளானுக்குச் செயலி ஓர் ஐரோப்பியப் பெயர் சொன்னது. டி.என்.ஏ. சோதனையில் 94% தான் பொருந்தியது. புதிய இனமா? மகள் பெயரைச் சூட்டலாமா? மீதிக் காளான் அழுகியதால் எறிந்துவிட்டோம். (பனசங்கரி)

எறிந்துவிட்டீர்கள்! இனி அந்த 94% வெறும் எண்தான்.

ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதி பூஞ்சைகளின் அடையாளக் குறியாக 2012இல் முன்மொழியப்பட்டது உண்மை. ஆனால் பொருத்தம் குறைந்தால் புதிய இனம் என்று ஆகிவிடாது. உங்கள் காளானுக்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே இலங்கையிலோ இந்தியாவிலோ பெயரிட்டிருக்கலாம். அத்தகைய பழைய மாதிரிகள் பலவற்றுக்கு இன்றுவரை டி.என்.ஏ. வரிசை கிடையாது. தரவு வங்கியிலோ தவறான பெயர்கள் மலிந்து கிடக்கின்றன. ஐரோப்பியப் பெயரை இங்குள்ள காளானில் ஒட்டும் வழக்கம் எனக்கு ஆறாத வருத்தம். கேனோடெர்மா லூசிடம் இங்கிலாந்தில் கிடைத்த மாதிரிக்கு வைத்த பெயர். அதை ஆசியா முழுவதும் பரப்பினார்கள். சீனாவில் வளர்க்கப்படுவது வேறு இனம் என்று பின்னர் தெரிந்தது.

பூஞ்சைகளில் பெயரிடப்பட்டவை ஒன்றரை லட்சம் இருக்கும். மொத்தம் 20 லட்சத்துக்கு மேல் என்பது மதிப்பீடு. ஆகவே நீங்கள் கண்டது புதியதாகவே இருக்கலாம். அதனால்தான் மனம் பொறுக்கவில்லை. புதுப் பெயர் செல்லுபடியாக, உலர்ந்த மாதிரிகளைக் காக்கும் உலர்தாவரகத்தில் வகை மாதிரி, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி, இருக்க வேண்டும். 2013 முதல் பூஞ்சைப் பெயர்ப் பதிவகத்தின் பதிவு எண்ணும் கட்டாயம். மகள் பெயரை வைக்க விதியில் தடையில்லை, மாதிரிதான் இல்லை.

அடுத்த மழையில் அதே இடத்துக்குப் போங்கள். முதலில் வனத்துறை அனுமதி. மேல், பக்கம், செவுள், அடி எனப் படமெடுங்கள். மணம், வெட்டினால் மாறும் நிறம், அருகிலுள்ள மரம் ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். அன்றே 40 டிகிரி அளவில், ஒடித்தால் முறியும்வரை உலர்த்தி, தேதியும் இடமும் எழுதிய காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம்.

வித்துகளை அளக்க எந்த நுண்ணோக்கி? (மல்லேஸ்வரம்)

எண்ணெய் லென்ஸுடன் 1000 மடங்கு காட்டுவது போதும். அளவுக் கோடுகள் உள்ள கண் லென்ஸும், வித்தின் நிறமாற்றத்தைச் சோதிக்கும் மெல்சர் (அயோடின்) கரைசலும் வேண்டும். இருபது, முப்பது வித்துகளையாவது அளந்த பிறகு எழுதுங்கள்.